சுடாத காய்ச்சல்

வடகிழக்குப் பருவமழை இறங்குமுன் பக்கிங்காம் கால்வாயில் ஆகாயத்தாமரையை அள்ளுவதும், தெருமுனைகளில் காய்ச்சல் முகாம் போடுவதும், ஆஸ்பத்திரிகளில் காய்ச்சல் வார்டுக்குக் கட்டில்களைக் கூட்டுவதும் வருஷந்தோறும் நடக்கிற காரியங்கள்; நல்ல காரியங்கள். ஆனால் காய்ச்சலே காணாமல், இருமலும் பெரிதாக இல்லாமல், "இரண்டு நாளாய் அவர் அவராக இல்லை" என்ற ஒரே புகாரோடு கொண்டுவரப்பட்டு, மறுநாள் பொழுது விடிவதற்குள் செயற்கைச் சுவாசத்துக்குப் போய்விடுகிற வயோதிகர்களை அந்த முகாம்களில் யாரும் தேடுவதில்லை. செப்டம்பர் 13-ஆம் தேதியை உலக செப்சிஸ் தினமாக அனுசரிக்கிறார்கள். அதற்கும் மழைக்கும் இடைப்பட்ட சில வாரங்களில் ராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள குடும்பங்களும் ஆஸ்பத்திரிகளும் யோசித்து வைக்க வேண்டிய விஷயம் இது.

செப்சிஸ் என்பதை நம் ஜனங்கள் "ரத்தத்துல கிருமி கலந்துடுச்சு" என்று சொல்கிறார்கள். முழுவதும் சரியில்லை என்றாலும் பொருள் விளங்குகிறது. 2016-இல் உலக வைத்திய நிபுணர்கள் ஒப்புக்கொண்ட இலக்கணப்படி, ஏதோ ஓரிடத்தில் புகுந்த கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட உடம்பு நிதானம் இழந்து தன் அவயவங்களையே தாக்கத் தொடங்கி, சிறுநீரகம், சுவாசகோசம், மூளை என ஒன்றன்பின் ஒன்றாகத் தளரும் விபரீத நிலைக்கே அந்தப் பெயர். 2017-இல் மட்டும் உலகத்தில் சுமார் 4 கோடியே 89 லட்சம் பேருக்கு இது வந்தது என்றும், 1 கோடியே 10 லட்சம் பேர் மாண்டார்கள் என்றும் 2020-இல் 'லான்செட்' பத்திரிகையில் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அந்த ஆண்டில் உலகில் நேர்ந்த மரணங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று அது.

தமிழ்நாடு முதுமை எய்திக்கொண்டிருக்கும் மாநிலம். 2021-இல் நம் ஜனத்தொகையில் 13.6 சதவீதம் பேர் 60 வயது கடந்தவர்கள் என்றும், 2031-இல் இது 18.2 சதவீதமாகும் என்றும் மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது; நமக்கு முன்னால் நிற்பது கேரளம் ஒன்றுதான். வடசென்னையின் முதியவரோ சாதாரண முதியவர் அல்லர். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், காசிமேட்டில் வலை இழுத்தவர், திருவொற்றியூர் ஆலைகளில் மூன்று ஷிப்டும் பார்த்தவர், அனல்மின் நிலையச் சாம்பலையும் மணலியின் புகையையும் நாற்பது வருஷம் சுவாசித்தவர் அவர். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசடும் எண்ணூர்க் கழிமுகப் பகுதியின் வீடுகளுக்குள் புகுந்தபோது, சர்க்கரை வியாதியால் மரத்துப்போன பாதங்களோடு அந்தத் தண்ணீரில் நின்று வீட்டைக் கழுவியவரும் அவரே. காலில் ஏற்பட்ட சிறு கீறல் பத்தாம் நாள் எங்கே கொண்டுபோய்விடும் என்பதை அந்தப் பக்கத்து வைத்தியர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஆறிப்போன காபி

என் பெரியப்பா துறைமுகத்தில் வின்ச் ஓட்டி ஓய்வு பெற்றவர். கல்மண்டபத்துக்கு அருகே குடியிருந்தார். அவருடைய எழுபத்தெட்டாம் வயதில், ஒரு கார்த்திகை மாதக் காலையில், கையில் கொடுத்த காபியைக் குடிக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னாங்க, ஆறிப்போவுதே" என்றாள் பெரியம்மா. "கப்பல் உள்ள வந்துடுச்சா?" என்று கேட்டார் அவர். கப்பலுக்கும் அவருக்கும் சம்பந்தம் விட்டு இருபது வருஷமாகியிருந்தது.

தொட்டுப் பார்த்தால் உடம்பு சில்லென்று இருந்தது. தெர்மாமீட்டர் 97 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. வயசாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது என்று எல்லோரும் சமாதானம் செய்துகொண்டோம். ஆனாலும் பெரியம்மாவின் மனம் கேளாததால், பக்கத்திலிருந்த ஒரு நர்ஸிங் ஹோமுக்கு அழைத்துப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள். ரிப்போர்ட் மாலை ஐந்து மணிக்கு மகனுடைய வாட்ஸ்அப்புக்கு வந்து சேர்ந்தது. மகன் ஷிப்டில் இருந்தான். அனுப்பியவர்களும் அனுப்பியதோடு தம் கடமை தீர்ந்தது என்று இருந்துவிட்டார்கள்.

இரவு பதினொரு மணிக்கு அவருக்கு மூச்சு இரைக்கத் தொடங்கியது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே இருந்த இளம் டாக்டர் முதலில் பெரியப்பாவின் விரல் நகத்தை அழுத்திப் பிடித்து விட்டுவிட்டு, வெளுத்த இடம் சிவக்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தார். பிறகு செல்போனை வாங்கி ரிப்போர்ட்டைப் படித்தார். வெள்ளணுக்கள் 19,000, பிளேட்லெட் 90,000, கிரியாட்டினின் 2.1. "இது எப்ப வந்துச்சு?" என்றார். சொன்னோம். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

மூத்திரப் பாதையில் தொடங்கிய தொற்று அது. பதினொரு நாள் கழித்துப் பெரியப்பா வீடு திரும்பினார். அன்று மாலை ஐந்து மணிக்கும் இரவு பதினொரு மணிக்கும் இடையில் கிடந்த ஆறு மணி நேரத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை முழுவதும் பேச வேண்டியிருக்கிறது.

ரத்தம் காட்டும் குறிகள்

வைத்தியர்கள் பயோமார்க்கர் என்று சொல்வதை நாம் ரத்தக் குறி என்று சொல்லிக்கொள்ளலாம். வியாதி எவ்வளவு தூரம் முற்றியிருக்கிறது, இனி எந்தப் பக்கம் திரும்பும் என்று ரத்தத்திலுள்ள சில பொருள்களின் அளவைக் கொண்டு ஊகிப்பதே இதன் நோக்கம்.

இவற்றுள் மூத்தது சி.ஆர்.பி. என்ற புரதம். 1930-இல் நியூயார்க் நகரத்து ராக்ஃபெல்லர் ஆராய்ச்சிக் கழகத்தில், நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தை ஆராய்ந்த இருவர் கண்டது. ஈரல் உண்டாக்குகிற இந்தப் புரதம் கிருமிக்கும் ஏறும், மூட்டுவாதத்துக்கும் ஏறும், ரணசிகிச்சைக்குப் பிறகும் ஏறும். உச்சத்தை எட்ட ஏறக்குறைய இரண்டு நாள் எடுத்துக்கொள்ளும். தாமதமாக வாய் திறக்கிற சாட்சி.

புரோகால்சிட்டோனின் அதைவிடச் சுறுசுறுப்பானது. ஆரோக்கிய காலத்தில் தைராய்டு சுரப்பியில் ஹார்மோனாக மாறுவதற்குக் காத்திருக்கும் பொருள் அது. ரத்தத்தில் அநேகமாகத் தென்படாது. பாக்டீரியாவால் உடம்பு முழுவதும் கலங்கும்போது சம்பந்தமில்லாத அவயவங்களெல்லாம் அதைச் சுரக்கத் தொடங்குகின்றன. அப்போது ரத்தத்தில் அதன் அளவு ஏறுவதைப் பாரிஸ் நகர ஆராய்ச்சியாளர்கள் 1993-இல் வெளியிட்டார்கள். நாலைந்து மணி நேரத்தில் ஏறும். வைத்தியம் பலித்தால் நாளுக்கு ஏறக்குறையப் பாதியாக இறங்கும்.

நம்மூர்த் தனியார் ஆஸ்பத்திரி ரசீதுகளில் இன்று இந்தப் பெயரை அடிக்கடி பார்க்கிறோம். விலை ஆயிரங்களில் இருக்கிறது. ஆகையால் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். செப்சிஸ் சிகிச்சைக்கான 2021-ஆம் வருஷத்துச் சர்வதேச வழிகாட்டுதல், ஆன்டிபயாட்டிக்கைத் தொடங்கலாமா என்று தீர்மானிக்க இந்தப் பரிசோதனையை நம்ப வேண்டாம், எப்போது நிறுத்தலாம் என்று தீர்மானிக்க உபயோகித்துக்கொள்ளலாம் என்கிறது. பிரிட்டனில் 41 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 2,760 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2024 டிசம்பரில் வெளியான ஆய்வும், தினந்தோறும் புரோகால்சிட்டோனின் பார்த்ததால் ஆன்டிபயாட்டிக் காலம் ஏறக்குறைய ஒரு நாள் குறைந்ததையும், அதனால் மரணம் கூடவில்லை என்பதையும் காட்டியது. சி.ஆர்.பி.யால் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத கிருமிகளைப் பற்றி 2012-இல் 'சென்னைப் பிரகடனம்' என்றே ஒன்றை வைத்தியச் சங்கங்கள் கூடி வெளியிட்ட நகரம் இது. ஒரு நாள் மருந்து குறைவதை அற்பமாக நினைக்க நமக்கு நியாயமில்லை.

மூன்றாவது லாக்டேட். காற்றுப் போதாத அடுப்பில் விறகு புகைவதுபோல, பிராணவாயுவும் ரத்த ஓட்டமும் போதாத உயிரணுக்கள் வெளித்தள்ளுவது. லிட்டருக்கு 2 மில்லிமோலுக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். ரத்த அழுத்தத்தை மருந்தால் தூக்கிப் பிடிக்க வேண்டிய நிலையில் இதுவும் உயர்ந்திருந்தால் அதுவே செப்டிக் ஷாக். ஒரு சொட்டு ரத்தத்தில் சில நிமிஷங்களில் விடை சொல்லும் கையடக்கக் கருவிகள் உண்டு. ஆனால் இதிலும் வடசென்னைக்கென்று ஒரு ஜாக்கிரதை வேண்டும்: மூச்சிரைப்புக்காக நெபுலைசரில் வைக்கும் சால்பியூட்டமால் லாக்டேட்டை ஏற்றிவிடும், சிறுநீரகமோ ஈரலோ பழுதுற்றவருக்குச் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினும் ஏற்றக்கூடும்.

பிரெசெப்சின், இன்டர்லூக்கின்-6, புரோ-அட்ரினோமெடுலின் என்று புதிய பெயர்களும் வந்துகொண்டிருக்கின்றன. ஆராய்ச்சிசாலைக்கு அவை அவசியம்; எண்ணூர்ப் பாட்டிக்கு இன்று இரவு அவற்றால் ஆகப்போவது சொற்பம். அவளுக்கு உதவக்கூடியவை பிளேட்லெட், கிரியாட்டினின், பிலிருபின் என்ற பழைய, மலிவான பரிசோதனைகளே. அவயவங்கள் எவ்வளவு தளர்ந்தன என்று மதிப்பிட உலகமெங்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் உபயோகிக்கும் 'சோஃபா' கணக்கில், சுவாசம், பிரக்ஞை, ரத்த அழுத்தம் ஆகியவற்றோடு சேர்வன இந்த மூன்றுதான். பெரியப்பாவின் வாட்ஸ்அப்பில் மாலை ஐந்து மணிக்கே இவற்றில் இரண்டு கூவிக்கொண்டிருந்தன.

நகத்தை அழுத்திப் பார்த்தாரே அந்த டாக்டர், அதையும் சொல்லிவிட வேண்டும். லத்தீன் அமெரிக்காவின் 5 நாடுகளில், 28 ஆஸ்பத்திரிகளில், செப்டிக் ஷாக் கண்ட 424 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு லாக்டேட் இறங்குவதைப் பார்த்தும், மறு பாதிக்கு விரல் நுனியில் ரத்தம் திரும்பும் நேரத்தைப் பார்த்தும் சிகிச்சை செய்தார்கள். 2019-இல் வெளியான முடிவின்படி, லாக்டேட் வழி சென்றவர்களில் 28 நாட்களுக்குள் 43.4 சதவீதமும், விரல் நுனியைப் பார்த்தவர்களில் 34.9 சதவீதமும் இறந்தார்கள். கணித சாஸ்திரப்படி அந்த வித்தியாசத்தை உறுதியானது என்று கொள்ள முடியவில்லை. என்றாலும், இயந்திரத்துக்குச் சற்றும் குறையாத சாட்சி நம் விரல் நுனியிலேயே இருக்கிறது என்பது விளங்கிற்று.

வயோதிகரின் அளவுகோல் வேறு

ரிப்போர்ட்டில் வலது பக்கத்தில் அச்சிட்டிருக்கும் 'நார்மல்' அளவு நடுத்தர வயதுக்காரருக்குத் தைத்த சட்டை. மெலிந்த எண்பது வயதுக் கிழவிக்குச் சதையே குறைவாதலால் அவளுடைய கிரியாட்டினின் எப்போதும் தாழ்ந்தே இருக்கும், ஆகவே 1.1 என்ற எண் நமக்கு நிம்மதி தரும்போது அவளுடைய சிறுநீரகம் பாதி ஓய்ந்திருக்கக்கூடும். மாறாக, நெடுநாளாகச் சிறுநீரகம் கெட்டவருக்குப் புரோகால்சிட்டோனின் கிருமி இல்லாமலே சற்று உயர்ந்திருக்கும். ரத்த அழுத்தத்துக்கோ நெஞ்சுவலிக்கோ பீட்டா பிளாக்கர் மாத்திரை தின்பவரின் நாடி எவ்வளவு ஆபத்திலும் துள்ளாது. நித்தியம் 160 இருந்தவருக்கு 110 என்பது வீழ்ச்சி. புத்தகமோ அதை நார்மல் என்று சொல்லும்.

காய்ச்சலோ கேட்கவே வேண்டாம். கடுமையான தொற்று கண்ட முதியவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு உடம்பு சுடுவதே இல்லை. அதற்குப் பதிலாகப் பேச்சு குழறுகிறது, சாப்பாடு இறங்குவதில்லை, கட்டிலிலிருந்து விழுகிறார், படுக்கையை நனைக்கிறார். இவற்றை நாம் முதுமையின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

ஆக, இளைஞருக்கு ஒரு தடவை எடுத்த எண் பாதி உண்மை சொல்லுமானால், முதியவருக்குக் கால் உண்மைதான் சொல்லும். அவருடைய பழைய எண்ணோடு இன்றைய எண்ணையும், இன்றைய எண்ணோடு ஆறு மணி நேரம் கழித்து எடுத்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மட்டுமே அர்த்தம் பிறக்கிறது. விலையுயர்ந்த பரிசோதனையை ஒரே தடவை, அதுவும் நேரங்கடந்து செய்வதைக் காட்டிலும், மலிவான பரிசோதனையைக் காலத்தில் செய்து, திரும்பவும் செய்து, ஒருவர் கண்ணால் அதைப் படிப்பது மேல் என்பதே என் அபிப்பிராயம்.

ஆரூடம் கேட்கும் குடும்பங்கள்

வேறொரு துன்பமும் உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், "எண் இவ்வளவு ஏறிவிட்டது, இனி உங்கள் இஷ்டம்" என்ற ஒரு வாக்கியத்தைக் கேட்டுவிட்டு, கையெழுத்துப் போட்டு வீட்டுக்குத் தூக்கிப்போன குடும்பங்கள் எத்தனையோ. அட்வான்ஸ் கட்டின பணம் தீர்ந்த நாளும் அந்த எண் ஏறின நாளும் சில சமயம் ஒன்றாகவே அமைந்துவிடுவதைப் பற்றி நான் விஸ்தாரமாகச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் குறிகள் கூட்டத்தைப் பற்றிப் பேசுபவை. இவ்வளவு லாக்டேட் உள்ள நூறு பேரில் எத்தனை பேர் பிழைப்பார்கள் என்று ஓரளவு சொல்லும். அந்த நூறில் உங்கள் தகப்பனார் எந்தப் பக்கம் என்று சொல்லாது. ஐரோப்பாவில் தீவிர சிகிச்சையில் சேர்ந்த, 80 வயது கடந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கவனித்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், பிழைப்பதைச் சுட்டும் முக்கியமான குறிகளில் ஒன்றாக நின்றது ரத்தத்தில் இல்லாத ஒன்று: நோய் வருமுன் அவர் எவ்வளவு திடமாக நடமாடினார் என்பது. போன மாதம் தாமே மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கி வந்தாரா, அல்லது ஆறு மாதமாகப் படுக்கையா? அட்மிஷன் சீட்டில் இதைக் கேட்டு எழுத ஒரு வரி இடம் ஒதுக்கினால் போதும்.

எல்லோரையும் எந்நிலையிலும் குழாய்களில் கட்டி வைக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. நெடுநாள் நலிந்தவர் அமைதியாகப் போவதே தகும் என்று தோன்றுகிற சந்தர்ப்பங்கள் உண்டு. அந்த முடிவை முதல் நாள் ரிப்போர்ட்டைப் பார்த்து எடுக்காமல், இரண்டு மூன்று நாள் சிகிச்சைக்கு உடம்பு எப்படிப் பதில் சொல்கிறது என்று கண்டு, அவர் முன்பு என்ன சொல்லியிருந்தார் என்று வீட்டாரைக் கேட்டு எடுக்க வேண்டும்.

செய்யத்தக்கவை

1782-ஆம் வருஷத்துப் பஞ்சத்தில் கஞ்சி வார்த்த சத்திரத்தின் வழியில் வளர்ந்ததால் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று பழையவர்கள் அழைக்கும் ஸ்டான்லி, 1938 முதல் மருத்துவக் கல்லூரியாகவும் விளங்குகிறது. வடசென்னையின் கடைசி நம்பிக்கை அது. ஆனால் ஆபத்தைக் கண்டுபிடிக்கும் வேலையை அதன் வாசல் வரை ஒத்திப்போடக் கூடாது. திருவொற்றியூர், எண்ணூர், தண்டையார்பேட்டைப் பகுதிகளின் அரசு ஆஸ்பத்திரிகளிலும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் லாக்டேட் பார்க்கும் கையடக்கக் கருவியை வைக்கலாம். மூச்சு எண்ணிக்கையை ஊகித்து எழுதாமல் முழு ஒரு நிமிஷம் எண்ணவும், நகத்தை அழுத்திப் பார்க்கவும் நர்ஸுகளைப் பழக்கலாம். நிமிஷத்துக்கு 22-க்கு மேல் மூச்சும் புதிய புத்தித் தடுமாற்றமும் சேர்ந்தால், காய்ச்சல் இல்லாவிட்டாலும், 108 புறப்படும்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தகவல் போக வேண்டும்.

விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் தனியார் ஆஸ்பத்திரிகளிலும் அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தை 2021 டிசம்பரில் தொடங்கிய மாநிலம் இது. செப்சிஸ் கண்ட முதியவருக்கும் முதல் சில மணி நேரமே ஜீவாதாரம் என்பதால், அதே ஏற்பாட்டை அவருக்கும் விரிப்பது அரசுக்குப் புதிய பாதையாகாது.

நியூயார்க் மாநிலத்தில், 2012-இல் 12 வயதுச் சிறுவன் ஒருவனை அவசரப் பிரிவிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு அவனுடைய ரத்த ரிப்போர்ட் வந்தது. அதிலிருந்த அபாயம் வீட்டுக்குத் தெரிவிக்கப்படவில்லை. அவன் செப்சிஸால் இறந்தான். அடுத்த ஆண்டே, செப்சிஸைக் கண்டறிந்து சிகிச்சை செய்யும் கிரமத்தை ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் எழுதி வைத்து நடத்த வேண்டும் என்று, அவன் பெயரால் 'ரோரி விதிமுறைகள்' என்றே வழங்கும் விதிகளை அந்த மாநிலம் கொண்டுவந்தது. நமக்கு முதலில் வேண்டியது அதைவிடச் சிறிய விதி: அபாயமான எண் வந்தால், பரிசோதனைக்கூடத்தில் இருப்பவர் அரை மணிக்குள் டாக்டரையோ குடும்பத்தையோ போனில் கூப்பிட்டுப் பேசி, பேசிய நேரத்தைக் குறித்து வைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பியது தெரிவித்ததாகாது. ரிப்போர்ட்டில் பழைய எண்ணையும் பக்கத்தில் அச்சிட வேண்டும். கம்ப்யூட்டர் காலத்தில் இது பெரிய காரியமல்ல.

புரோகால்சிட்டோனினை அரசுத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இலவசமாக்கி, ஆன்டிபயாட்டிக்கை நிறுத்துவதற்கென்று கிரமப்படி உபயோகிக்கலாம். தனியார் ஆஸ்பத்திரிகள் அதை எத்தனை தடவை, எதற்காகப் பார்க்கின்றன என்பதை ரசீதிலேயே எழுதச் சொல்லலாம்.

1978-இலேயே முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவைச் சென்னைப் பொது ஆஸ்பத்திரியில் டாக்டர் வி.எஸ்.நடராஜன் தொடங்கினார். இப்போது கிண்டியில், 2024 பிப்ரவரியில் திறந்த தேசிய முதியோர் நல மையம் இருக்கிறது. எண்ணூருக்கு அது நகரத்தின் மறுகோடி. அந்த மையமும் ஸ்டான்லியும் சேர்ந்து, புகையும் சர்க்கரையும் தின்ற வடசென்னை வயோதிகரின் ரத்தத்தில் எந்த எண் எதைச் சொல்கிறது என்று ஆராய்ந்தால், அந்நிய தேசத்து அளவுகோலை அப்படியே ஏற்க வேண்டிய நிலை குறையும்.

இவ்வளவுக்கும் முன்னால், நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் பெண்கள், ஒவ்வொரு முதியவருக்கும் அவர் சௌக்கியமாக இருக்கும்போது உள்ள அளவுகளை ஒரு சீட்டில் எழுதி மாத்திரை டப்பாவில் போட்டு வைக்கலாம். பெரியப்பா வீட்டில் மருமகளே அதை எழுதினாள். மறு வருஷம் அவருக்கு மறுபடியும் பேச்சு குழறியபோது அரசு ஆஸ்பத்திரி டாக்டர் முதலில் வாங்கிப் படித்தது அந்தச் சீட்டைத்தான்: "பிபி 160/90. நாடி 70. கிரியாட்டினின் 1.2. தினம் மார்க்கெட் வரைக்கும் நடப்பார். காபியில் சர்க்கரை குறைந்தால் சண்டை போடுவார்."